கணக்கு எங்கே இடிக்குது?

ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன்ல தவறாம காதுல விழற ஒரு வார்த்தை உண்டு: 'இன்ஃபீசிபிள்'. ப்ரொடக்‌ஷன் ஷெட்யூலிங் எடுத்த டீம் எதுவா இருந்தாலும் ஒரு தடவையாவது இதுல முட்டிக்கும். ராத்திரி முழுக்க உக்காந்து மாடல் எழுதி ரன் பண்ணா, சால்வர் அரை நொடியில கையை விரிச்சுடும். எங்கே இடிக்குதுன்னு அதுவா சொல்லாது.

அடுத்து வழக்கமா நடக்கிறது என்னன்னு உங்களுக்கே தெரியும். நிபந்தனைகளை ஒவ்வொண்ணா கமென்ட் போட்டுக்கிட்டே வருவோம். எதை எடுத்ததும் 'ஆப்டிமல்'னு வருதோ அங்கே நிறுத்திடுவோம். ரிப்போர்ட் ரெடி. நாம எடுத்துப் போட்ட அந்த நிபந்தனைக்குப் பின்னாடி யார் இருந்தாங்கன்னு ரிவ்யூவிலும் யாரும் கேட்கறதில்லை. பாடப் புத்தகக் கணக்குல அது பரவாயில்லை. உண்மையான ஆலையில அந்த ஒரு வரி ஒருத்தரோட ஒரு வருஷ உழைப்பா இருக்கலாம். அதனாலதான் இதைக் கொஞ்சம் விரிவாப் பார்க்கலாம்னு தோணுச்சு.

உதாரணத்துக்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். அரூர் பக்கம் கோபாலபுரத்துல சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கு. 1925-ல நம்ம மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில காலமான விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவோட பேர்தான் அந்த ஆலைக்கு. அரூர், மொரப்பூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கரும்பு போடறவங்க வீட்டுல 'கட்டிங் ஆர்டர் எப்போ வரும்?'ங்கிற கேள்வி சீசன்ல தினமும் கேட்கும். அந்தக் கட்டிங் ஆர்டர்தான் ஷெட்யூலிங். நம்ம சிலபஸ்ல வர்ற ஜாப் ஷாப், ஃப்ளோ ஷாப் எல்லாத்தையும் விட சிக்கலான ஒரு ஷெட்யூலிங் கணக்கை, அந்தப் பேரே சொல்லாம, கரும்பு அலுவலர்கள் வருஷா வருஷம் போட்டுட்டுத்தான் இருக்காங்க.

சர்க்கரை ஆலை ஏன் இதுக்கு நல்ல உதாரணம்? கார் கம்பெனியில ஸ்டீல் தகடு ஒரு வாரம் லேட்டா வந்தா தகடு கெட்டுப் போகாது. கரும்பு அப்படி இல்லை. வெட்டின நிமிஷத்துல இருந்து அதுல இருக்கிற சுக்ரோஸ் உடைய ஆரம்பிக்கும், எடையும் குறையும். 24 மணி நேரத்துக்குள்ள அரவைக்குப் போகணும்னு சொல்வாங்க. வெட்டாம வயல்லயே விட்டாலும் பிரச்சினைதான். முற்றின கரும்பு பூ எடுக்கும், உள்ளே சடை விழும், எலியும் பன்னியும் பாதியைச் சாய்க்கும். இன்னொரு பக்கம் ஆலை இருக்கு. அதை ஃபேனை ஆன், ஆஃப் பண்ற மாதிரி நிறுத்தி ஓட்ட முடியாது. கரும்புச் சக்கையை எரிச்சுத்தான் பாய்லர் ஓடுது, அந்த நீராவியிலதான் ஆலையே ஓடுது. ஒரு அளவுக்குக் கீழே அரவை போனா நீராவி பத்தாது. ஆக, மேல ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு, ரெண்டு பக்கமும் கடிகாரம்.

இனி ஒரு வாரத்துக்கு மாடல் போடுவோம். ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன்: கீழே வர்ற எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வெச்சது, எந்த ஆலையோட கணக்கும் இல்லை.

ஏழு நாள். ஐந்து, ஆறு, ஏழாம் நாள் பொங்கல். ஆலை ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2,500 டன் அரைக்கும், குறைஞ்சது 1,800 டன் அரைக்கணும். வெட்டு ஆட்கள் 12 பேர் ஒரு கேங், ஒரு கேங் ஒரு நாளைக்கு 12 டன் வெட்டும். சாதாரண நாள்ல 160 கேங், அதாவது 1,920 டன். பொங்கல்னா வெளி மாவட்டத்து ஆட்கள் ஊருக்குப் போயிடுவாங்க, 60 கேங்தான் மிஞ்சும், 720 டன். வெட்டின கரும்பை அன்னைக்கே அரைச்சுடணும். கடைசியா, இந்த வாரத்துக்கு முற்றின கரும்பு 11,000 டன், அத்தனையும் இந்த வாரமே வெட்டணும்.

ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியாப் பார்த்தா நியாயமானது. பாய்லர் இன்சார்ஜ் 1,800 கேட்கிறார், சரி. வெட்டு ஆள் பண்டிகைக்கு வீட்டுக்குப் போறார், அதுவும் சரி. விவசாயி முற்றினதை வெட்டச் சொல்றார், அதைவிட சரி. எல்லாத்தையும் சேர்த்து சால்வருக்குக் கொடுத்தா 'இன்ஃபீசிபிள்'.

இங்கே சால்வர் தோத்துப் போகலை. நீங்க கொடுத்த வாக்குறுதிகள் ஒண்ணுக்கொண்ணு முரண்படுதுன்னு அது நிரூபிச்சிருக்கு. நிரூபணம்னு சும்மா சொல்லலை. ஹங்கேரிக்காரர் ஃபர்காஸ் 1902-ல வெளியிட்ட தேற்றம் இதைத்தான் சொல்லுது: ஒரு நேரியல் நிபந்தனைத் தொகுப்புக்கு விடை இல்லைன்னா, அந்த நிபந்தனைகளையே தகுந்த எண்களால பெருக்கிக் கூட்டினா ஒரு அபத்தம் கட்டாயம் கிடைக்கும். ஆறாம் நாளையே எடுத்துக்கோங்க. அரவை 1,800-க்குக் குறையக் கூடாது. அரவை அன்னைக்கு வெட்டினதைத் தாண்டாது. வெட்டு 720-ஐத் தாண்டாது. மூணையும் கூட்டினா, 1,800 ஆனது 720-ஐ விடப் பெருசில்லைன்னு வருது. அவ்வளவுதான் சாட்சி. இதை ஆலை மேனேஜர்கிட்டச் சொல்ல சிம்ப்ளெக்ஸ் எல்லாம் வேண்டாம், ஒரு சிகரெட் அட்டையோட பின்பக்கம் போதும்.

சிக்கல் என்னன்னா, உண்மையான மாடல்ல நிபந்தனைகள் ஆயிரக்கணக்குல இருக்கும். எந்த மூணை எடுத்துக் கூட்டறது?

முடிச்சைத் தேடறது

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன எச்சரிக்கை. விடை வரலைங்கிறதும் விடை இல்லைங்கிறதும் வேற வேற. டைம் லிமிட் முடிஞ்சு சால்வர் வெறுங்கையோட திரும்பினா அது இன்ஃபீசிபிள் இல்லை, இன்னும் தெரியலைன்னுதான் அர்த்தம். சில சால்வர் 'இன்ஃபீசிபிள் அல்லது அன்பவுண்டட்'னு இரட்டை நாக்குல பேசும். ப்ரீசால்வ் கட்டத்துலயே முடிவு தெரிஞ்சுட்டதால ரெண்டுல எதுன்னு அது பிரிச்சுப் பார்க்கலை. அந்த நேரத்துல குறிக்கோளை பூஜ்யமா மாத்திட்டு ஓட்டுங்க. குறிக்கோளே இல்லைன்னா அன்பவுண்டட் ஆக வழியில்லை, அப்பவும் விடை வரலைன்னா இன்ஃபீசிபிள்தான். பைத்தான்ல பல்ப் பயன்படுத்தறவங்க ஸ்டேட்டஸைப் பார்க்காம மாறிகளோட மதிப்பை நேரா பிரிண்ட் பண்ணிடாதீங்க. ஆப்டிமல்னா 1, இன்ஃபீசிபிள்னா மைனஸ் 1. மைனஸ் 1 வந்தாலும் மாறிகள்ல ஏதோ எண்கள் உக்காந்திருக்கலாம். பார்க்க ஷெட்யூல் மாதிரியே இருக்கும், ஆனா அது நடுவழியில கைவிடப்பட்ட கணக்கு.

சரி, முடிச்சுக்கு வருவோம். ஐஐஎஸ்னு ஒரு கருத்து உண்டு. இதுக்கு மேல சுருக்க முடியாத முரண் தொகுப்புன்னு தமிழ்ல சொல்லலாம். அந்தத் தொகுப்புல இருக்கிற எல்லாம் சேர்ந்தா விடை இல்லை, அதுல எந்த ஒண்ணை எடுத்தாலும் மீதிக்கு விடை உண்டு. மேலே ஆறாம் நாளுக்கு எழுதின மூணு நிபந்தனை அப்படி ஒரு தொகுப்பு. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்து ஜான் சின்னெக் இந்தத் துறையிலயே பல வருஷம் உழைச்சவர். 2008-ல இதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதியிருக்கார். குரோபியில ஐஐஎஸ் கண்டுபிடிக்க ஒரே ஒரு கட்டளை போதும், சிப்ளெக்ஸ்ல அதுக்கு 'கான்ஃப்ளிக்ட் ரிஃபைனர்'னு பேர்.

லைசென்ஸ் இல்லையா, கவலைப்படாதீங்க. கையாலயே எழுதலாம், பத்துப் பதினைஞ்சு வரி ஆகும். எல்லா நிபந்தனையையும் ஒரு பட்டியல்ல போடுங்க. முதல் நிபந்தனையை எடுத்துட்டு ஓட்டுங்க. இன்னும் இன்ஃபீசிபிள்தானா? அப்போ அதுக்கும் இந்த முரணுக்கும் சம்பந்தமில்லை, வெளியே விட்டுடுங்க. விடை வந்துடுச்சா? அப்போ அது முடிச்சுல ஒரு இழை, திருப்பி உள்ளே போடுங்க. அடுத்த நிபந்தனைக்குப் போங்க. கடைசி வரை போனா மிஞ்சறதுதான் ஐஐஎஸ். ஆரம்பத்துல சொன்ன 'கமென்ட் போட்டுப் பார்க்கிற' வேலைக்கும் இதுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்: இங்கே விடை வந்ததும் நிறுத்தறதில்லை, எடுத்ததைத் திருப்பி வைக்கிறோம். அந்த ஒரு வித்தியாசத்துலதான் எல்லாமே இருக்கு.

முழு எண் மாறிகள் இருந்தா ஒவ்வொரு ஓட்டமும் நேரம் எடுக்கும். முதல்ல முழு எண் நிபந்தனையைத் தளர்த்தி சாதா எல்பியா ஓட்டுங்க. அதுவே இன்ஃபீசிபிள்னா தேடலை அங்கேயே முடிச்சுக்கலாம், மலிவு.

நம்ம கணக்குல இதை ஓட்டினா என்ன வரும்? ஒரு தடவைக்கு ஒரு முடிச்சுதான் கிடைக்கும். பட்டியலோட வரிசையை மாத்தினா வேற முடிச்சு. நிபந்தனைகளைப் பார்த்தே முக்கியமான நாலைக் கண்டுபிடிச்சுடலாம். பொங்கலோட மூணு நாளுக்கும் தலா ஒண்ணு. நாலாவது வேற ரகம்: நாலு நாள் 1,920, மூணு நாள் 720, மொத்தம் 9,840 டன்தான் வெட்ட முடியும், கேட்கிறது 11,000. இதுல ஆலையோட 2,500 டன் வரம்பு எங்கேயும் வரலை பாருங்க. ஆலையைப் பெருசாக்கினா எல்லாம் சரியாகும்னு ஒருத்தர் மீட்டிங்ல சொன்னா, இந்த வாரத்தைப் பொறுத்தவரை அது பொய்னு இந்தப் பட்டியலைக் காட்டியே சொல்லிடலாம். எது குற்றவாளி இல்லைன்னு காட்டறதும் ஐஐஎஸோட வேலை.

மூணு விதமான 'முடியாது'

முடிச்சு கையில கிடைச்சதும் முதல்ல கேட்க வேண்டிய கேள்வி: இது தொழிற்சாலையோட முரணா, என் ஃபைலோட முரணா?

ஃபைலோட முரண்தான் சலிப்பூட்டற ரகம், ஆனா அடிக்கடி வர்றதும் அதுதான். ஒரு ஷீட்ல டன், இன்னொண்ணுல குவிண்டால்னா பத்து மடங்கு இடிக்கும். நாளும் மாசமும் இடம் மாறிப் போய், பதிவான கரும்பு சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே முற்றிடும். 'இதைத் தாண்டக் கூடாது'ன்னு எழுத வேண்டிய இடத்துல சமக்குறி போட்டிருப்போம், 12.4 டன் வந்த வயலுக்கு 12 டன்தான் கணக்குல இருக்கும், அந்தப் புள்ளி நாலுல மாடல் மொத்தமும் செத்துடும். ஐஐஎஸ் இதையெல்லாம் ரெண்டு மூணு வரிக்குள்ள கொண்டுவந்து நிறுத்திடும்ங்கிறதால திருத்தறது சுலபம். இதைப் பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை.

ரெண்டாவது ரகம்தான் சுவாரஸ்யமானது. தொழிற்சாலைக்குத் தெரிஞ்ச ஒரு வழி மாடலுக்குத் தெரியாம இருக்கிறது. நம்ம முதல் மூணு முடிச்சும் இதுதான். பொங்கலுக்கு ஆலையை நிறுத்த முடியாதுன்னு யார் சொன்னா? நாம யாரும் சொல்லலை, ஆனா ஏழு நாளும் குறைஞ்சது 1,800னு எழுதினப்பவே அதைச் சொல்லிட்டோம். நிஜத்துல ஆலைகள் சீசனுக்கு நடுவுல எவாப்பரேட்டர் குழாய்கள்ல படியற உப்பைச் சுத்தம் பண்ணவே அரவையை நிறுத்தறது உண்டு. அந்த நிறுத்தத்தைப் பண்டிகையோட சேர்த்து வெச்சா ரெண்டு வேலையும் முடிஞ்சது. மாடல்ல இதை எழுதவும் தெரியணும். ஒவ்வொரு நாளுக்கும் 0 அல்லது 1 மதிப்பு எடுக்கிற ஒரு மாறி வைக்கணும். அது 0 ஆனா அரவையும் 0. அது 1 ஆனா அரவை 1,800-க்கும் 2,500-க்கும் நடுவுல. இதுக்கு அரைத்தொடர் மாறின்னு பேர்.

மூணாவது ரகம், உண்மையிலேயே கையில இருக்கிறதை விட அதிகமா வாக்குக் கொடுத்திருக்கிறது. நம்ம நாலாவது முடிச்சு அது. எந்த மாடல் வித்தையும் 9,840-ஐ 11,000 ஆக்காது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. ஆலையை நிறுத்தலாம்னு அனுமதிச்சதும் முதல் மூணு முடிச்சும் அவிழ்ந்துடுச்சு. ஆனா பொங்கல் மூணு நாளும் ஆலை நின்னா அந்த நாட்கள்ல வெட்டவும் முடியாது. வெட்டு 4 × 1,920 = 7,680 டன்னுக்கு இறங்கிடுது. பற்றாக்குறை 1,160-ல இருந்து 3,320 டன்னுக்கு ஏறிடுச்சு. ஒரு முடிச்சை அவிழ்த்தா இன்னொண்ணு இறுகுது. ஐஐஎஸை மட்டும் நம்பி ஒண்ணொண்ணாத் திருத்திட்டுப் போறவங்களுக்கு இது கடைசி வரை கண்ணுல படாது.

வளையக் கத்துக் கொடுக்கிறது

அதனால அடுத்த கட்டம், மாடலை முழுசா வளைய வைக்கிறது. 11,000 டன் வெட்டியே ஆகணும்னு எழுதாம, 'வெட்டினது + விடுபட்டது = 11,000'னு எழுதறோம். விடுபட்டதுக்கு ஒரு அபராதம் போட்டுக் குறிக்கோள்ல சேர்க்கிறோம். இப்போ மாடல் 'முடியாது'ன்னு சொல்லாது, 'இவ்வளவு விடுபடும்'னு சொல்லும். பேசறதுக்கு ஒரு எண் கிடைச்சுடுச்சு.

எண் கிடைச்சதும் வழிகளும் தெரிய ஆரம்பிக்கும். முதல் நாலு நாள்ல ஆலை 2,500 அரைக்கும், வெட்டு 1,920தான், ஒவ்வொரு நாளும் 580 டன் அளவுக்கு ஆலை சும்மா இருக்கு. மேஸ்திரிகிட்டப் பேசி நாலு நாளைக்கு மட்டும் 20 கேங் கூடுதலாக் கொண்டு வர முடிஞ்சா நாளைக்கு 2,160 டன். வாரத்துக்கு 8,640. பற்றாக்குறை 2,360.

இன்னொரு நிபந்தனையையும் திரும்பப் பார்க்கலாம். 'வெட்டின அன்னைக்கே அரவை'ன்னு எழுதினோம். உண்மையான விதி 24 மணி நேரம். சாயங்காலம் வெட்டினது மறுநாள் காலையில அரவைக்குப் போனா விதி மீறலை. நாள் கணக்குல எழுதினதால விதி தேவைக்கு மேல இறுகிடுச்சு. 'அன்னைக்கு அல்லது மறுநாள்'னு மாத்தறோம். அப்படி மாத்தினா கொஞ்சம் தளர்வாவும் ஆகிடும்ங்கிறது உண்மைதான், காலையில வெட்டினதும் மறுநாள் சாயங்காலம் வரை நிக்கலாம். ஷிஃப்ட் கணக்குல எழுதினா இன்னும் சரியா வரும், இங்கே எளிமைக்காக விடறேன்.

இந்த ஒரு மாற்றத்துல என்ன நடக்குது பாருங்க. முதல் நாலு நாளும் ஆலை குறைந்தபட்சமான 1,800 மட்டும் அரைக்குது. தினமும் 360 டன் மிச்சம் அடுத்த நாளுக்குத் தள்ளப்படுது, பழையதை முதல்ல அரைச்சுட்டுப் புதுசை நிறுத்தி வைக்கிறதால எதுவும் ஒரு நாளைத் தாண்டறதில்லை. நாலாம் நாள் ராத்திரி 1,440 டன் கையில. ஐந்தாம் நாள் வெட்டு 720. மொத்தம் 2,160, ஆலை தாராளமா ஓடும். ஆறும் ஏழும் நிறுத்தம். ஏழாம் நாள் வெட்டற 720 டன் அடுத்த வாரத்து முதல் நாள் அரவைக்குப் போகும். மொத்த வெட்டு 8,640 + 720 + 720 = 10,080. பற்றாக்குறை 920 டன்.

3,320-ல தொடங்கி 920-க்கு வந்திருக்கோம். இதுல எந்த இடத்துலயும் புது மெஷின் வாங்கலை. ஒரு வழியைச் சேர்த்தோம், ஆட்களைக் கொஞ்சம் நகர்த்தினோம், ஒரு விதியை அதோட உண்மையான அர்த்தத்துக்கு நெருக்கமா எழுதினோம். ஆனா இந்த 920 எங்கேயும் போகாது. ஆறாம் நாள் வெட்டற கரும்பை அரைக்க இந்த மாடல்ல வழியே இல்லை, கையாலயே சரிபார்க்கலாம்.

அபராதத்தைப் பத்தி ஒரு டெக்னிக்கல் விஷயம். முக்கியமான நிபந்தனைன்னு சொல்லி அபராதத்தை நூறு கோடின்னு வைக்கிற பழக்கம் நம்ம பசங்ககிட்ட உண்டு. பெரும்பாலான சால்வர்கள் பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவுக்கான மீறலைக் கண்டுக்காது. அதை நூறு கோடியால பெருக்கினா என்ன ஆகும்னு நீங்களே பாருங்க. அதுக்குப் பதிலா வரிசைப்படி செய்யலாம். முதல்ல மிக முக்கியமான மீறலை மட்டும் குறைச்சு, கிடைச்ச மதிப்பை நிபந்தனையாப் பூட்டிட்டு, அடுத்ததைக் குறைக்கிறது. சார்ன்ஸும் கூப்பரும் 1961-ல வெளிவந்த அவங்க புத்தகத்துல கோல் ப்ரோகிராமிங்னு பேர் வெச்சது இந்தக் குடும்பத்தைத்தான்.

அந்த 920 டன் யாருடையது?

பெரும்பாலான ரிப்போர்ட் 'மினிமம் டீவியேஷன் 920'ன்னு போட்டு முடிஞ்சுடும். எனக்கு இங்கேதான் விஷயமே ஆரம்பிக்குது.

ஏக்கருக்கு 40 டன்னு வெச்சா 920 டன்ங்கிறது 23 ஏக்கர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஏக்கர்னா 23 குடும்பம். மாடல் அவங்களை எப்படித் தேர்ந்தெடுக்கும்? எல்லாருக்கும் டன்னுக்கு ஒரே அபராதம்னா, 23 பேரை ஒரு வாரம் தள்ளறதும் ஒருத்தரையே 23 வாரம் தள்ளறதும் கூட்டுத்தொகையில ஒண்ணுதான். எல்பியோட விடை மூலையில போய் உக்காரும் குணம் கொண்டது. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பகிராது, சிலரை முழுசா விட்டுட்டு மத்தவங்களை முழுசா முடிக்கும். குறிக்கோள்ல லாரி வாடகையையும் சேர்த்திருந்தா இன்னும் மோசம். விடுபடறவங்க ஆலைக்கு ரொம்ப தூரத்துல இருக்கிறவங்கதான். அடுத்த வாரம் திரும்ப ஓட்டினா? போன வாரம் யாரைத் தள்ளினோம்னு மாடலுக்கு ஞாபகம் இல்லை. தூரம் மாறலை. அதே கிராமம், திரும்பவும்.

இப்படித் தள்ளப்பட்டா என்ன நஷ்டம்? கரும்புக்குக் காசு எடைக்குத்தான். காய்ஞ்ச கரும்பு எடை குறையும். ஆள் கிடைச்சாலும் 'காய்ஞ்ச கரும்பு வெட்ட முடியாது'ன்னு கூலி கூடக் கேட்பாங்க. அடுத்த கட்டைப்பயிர் தள்ளிப் போகும். 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு ஒப்படைச்ச 14 நாளுக்குள்ள பணம் கொடுக்கணும், தாமதமானா வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. ஆனா அந்த 14 நாள் கடிகாரம் கரும்பு எடை மேடையில ஏறின பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். வயல்ல நிக்கிற கரும்புக்குக் கடிகாரமே இல்லை. ஆலை நின்னா, பாய்லர் அணைஞ்சா, அது செலவுக் கணக்குல வரும், அதுக்கு அபராத எண் வைக்க டேட்டா கிடைக்கும். வயல்ல காய்ஞ்ச எடை எந்த ரிஜிஸ்டர்லயும் ஏறாது. அதனால அதுக்கு நாம வைக்கிற அபராதம் எப்பவும் குறைச்சலாவே இருக்கும், சால்வரும் விலை குறைஞ்ச இடத்துலதான் கை வைக்கும். இது சால்வரோட குத்தமில்லை. எந்த நிபந்தனை வளையணும்ங்கிறதை நாமதான் முடிவு பண்ணினோம், எண்ணா எழுதினதால அது முடிவு மாதிரியே தெரியலை.

இதுக்கு வழி இருக்கு. கூட்டுத்தொகைக்குப் பதிலா மிக அதிகமாத் தள்ளப்பட்டவரோட நாட்களைக் குறைக்கச் சொல்லலாம். அல்லது முதல் வாரத்துக்கு ஒரு அபராதம், ரெண்டாவது வாரத்துக்கு அதுல மூணு மடங்கு, மூணாவதுக்குப் பத்து மடங்குன்னு படிப்படியா ஏத்தலாம். போன வாரம் தள்ளப்பட்டவரோட பேர் இந்த வாரத்து டேட்டாவுல கூடுதல் எடையோட வரணும். எனக்குப் பிடிச்சது இந்தக் கடைசி வழி. காரணம், எல்லாருக்கும் சமமாப் பகிர்றேன்னு ஒவ்வொரு வயல்லயும் பாதி வெட்டி பாதி விட்டா, ஒரே ஏக்கருக்கு கேங் ரெண்டு தடவை வரணும். சின்ன வயலுக்கு அது கட்டுபடியாகாது. முறை வெச்சு மாத்தறதுதான் நடக்கிற காரியம்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துல நிலைமை வேற. அங்கே பண்ணைகள் பெருசு, வெட்டறது மெஷின், ஆலைக்குக் கொண்டு போறதுல பெரும்பகுதி குட்டி ரயில். அங்கே சீசன் முழுக்கச் சுற்று சுற்றா வெட்டறாங்க, ஒவ்வொரு சுற்றுலயும் ஒவ்வொரு விவசாயியோட கரும்புலயும் ஒரு பங்கு. சர்க்கரைச் சத்து உச்சத்துல இருக்கிற வாரங்கள் ஒருத்தருக்கே போயிடக் கூடாதுன்னுதான். அந்த நாட்டு சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்கள் அறுவடை மாடல் போட்டப்போ இந்தச் சமநீதியையும் ஒரு நிபந்தனையாவே எழுதினாங்க. நியாயத்தை மாடலுக்கு வெளியே பேசித் தீர்த்துக்கலாம்னு விடலை.

நம்ம ஊர்ல இன்னொரு எதிர்முனையும் உண்டு. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல இயல்பை விட 62 சதவீதம் குறைவு, 2017 ஜனவரியில அரசு எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதிச்சதா அறிவிச்சது. அந்த மாதிரி வருஷத்துல 11,000 டன் கேட்கிற நிபந்தனை பிரச்சினையே இல்லை, 1,800 டன்தான் இடிக்கும். அப்பவும் வர்ற வார்த்தை அதே 'இன்ஃபீசிபிள்'. ஐஐஎஸ் எடுத்துப் பார்த்தாத்தான் இது ஆள் பத்தாத வாரமா, கரும்பே பத்தாத வருஷமான்னு தெரியும். முன்னதுக்கு மேஸ்திரிகிட்டப் பேசலாம். பின்னதுக்கு பக்கத்து ஆலைக்குக் கரும்பை அனுப்பறதா, சீசனையே சுருக்கறதான்னு பேச வேண்டியிருக்கும்.

செஞ்சு பார்க்க நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. கடைசி மாடலை அப்படியே வெச்சுக்கிட்டு, பற்றாக்குறையை மட்டும் குறைக்கச் சொல்லி, கூடுதல் கேங்கை 20-ல இருந்து 10 ஆக்குங்க. நாளைக்கு 2,040 டன். பற்றாக்குறை 1,400 டன் வரணும். அதோட இன்னொண்ணும் வரும்: பொங்கலுக்கு முன்னாடியே ஒரு நாள் ஆலையை நிறுத்தச் சொல்லும். பைத்தியக்காரத்தனமாத் தெரியும். தினமும் 1,800 அரைச்சுக்கிட்டே போனா நாலாம் நாள் ராத்திரி கையில எவ்வளவு மிஞ்சும், அதோட ஐந்தாம் நாளோட 720-ஐக் கூட்டினா 1,800-க்கு எவ்வளவு குறையுதுன்னு பாருங்க. 120 டன்தான்.